பெட்டி இழுக்கும் வாகனங்களின் வேக வரம்பு: மாற்றினால் செலவு யாருடையது?

இழுவைப் பெட்டி பூட்டிய வாகனம் எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் ஓடலாம் என்பது சட்டத்தில் ஒரு வரி. அந்த வரியிலுள்ள எண்ணை ஏற்றவோ இறக்கவோ அமைச்சரின் ஒப்பமும் வர்த்தமானியில் ஒரு பக்கமும் போதும் என்பதால், அரசாங்கம் செய்யக்கூடிய மாற்றங்களுள் இதுவே மிக மலிவானது என்ற எண்ணம் இலகுவில் உண்டாகிறது. ஆனால் அறிவித்தலை அச்சடிக்கும் செலவு வேறு, மாற்றத்தின் செலவு வேறு. பின்னது வீதியைப் பராமரிக்கும் சபையிலும், பொலிஸ் நிலையத்திலும், வைத்தியசாலையின் விபத்துப் பிரிவிலும், வயலில் நெல் ஏற்றுபவர் கொடுக்கும் கூலியிலும் சிதறிக் கிடக்கிறது. ஒரே கணக்கேட்டில் அது வருவதில்லை. அதனால் அதைக் கூட்டிப் பார்ப்பவரும் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து அந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே பெட்டி இழுப்பது என்றால் முதலில் உழவு இயந்திரம்தான். தென்மராட்சியில் தை மாதத்து நெல் மூட்டையும் வைக்கோலும், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு எருவும், வீடு கட்டுமிடங்களுக்கு மணலும் கல்லும் பனஞ்சிலாகையும் அதில்தான் போகின்றன. பிரதேச சபைகள் குப்பை அள்ளுவதும், கோடை இறுகியதும் தண்ணீர்ப் பவுசரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் அதே இயந்திரத்தால். கரையோரங்களில் படகு ஏற்றிய சிறு பெட்டிகளை வானும் பிக்கப்பும் இழுக்கின்றன. ஏ9 வீதியில் கொள்கலன் பூட்டிய நீண்ட வாகனங்கள் வருகின்றன. இரு சக்கர உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரரும் பெட்டியோடு வீதிக்கு வருவதுண்டு. ஆனால் அதன் முழு ஓட்டமே மணிக்கு 15 கிலோமீற்றருக்குச் சற்று மேலே கீழே என்பதால், வரம்பை எப்படி மாற்றினாலும் அதற்கு ஒன்றுமில்லை. சாரதி அனுமதிப்பத்திரமும் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது: கை உழவு இயந்திரத்துக்கு ஜீ1, நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜீ, பாரிய லொறியோடு இழுவைப் பெட்டி பூட்டுவதற்கு சீஈ என்று வகைகள் வேறு. ஆகவே “பெட்டி இழுக்கும் வாகனம்” என்று ஒரே சொல்லில் அடக்கி ஒரே எண்ணை எழுதுவது, தொடக்கத்திலேயே கணக்கைப் பிழைக்க வைக்கும்.

ஏன் பெட்டி பூட்டிய வாகனத்துக்குத் தனி வரம்பு என்ற கேள்விக்கு விடை பிறேக்கில் இருக்கிறது. வாகனம் தனியாக ஓடும்போது அதன் பிறேக் அதன் எடையை மட்டும் நிறுத்தினால் போதும். பின்னால் பிறேக் இல்லாத பெட்டி ஒன்றைப் பூட்டினால், அதே பிறேக் இரண்டினதும் எடையை நிறுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிக்குச் சொந்த பிறேக் கட்டாயம் என்று வைத்திருப்பது இதற்காகவே. நம்மூர் உழவு இயந்திரப் பெட்டிகளுள் பலவற்றில் இருப்பது இரண்டு சக்கரங்கள், ஓர் அச்சு, ஒரு நீண்ட இழுவைச் சட்டம், அதன் நுனி வளையத்தில் செருகும் இரும்பு ஊசி, அவ்வளவுதான். பிறேக் பிடிக்கும் கணத்தில் முழுப் பாரமும் அந்த ஊசி வழியாக இயந்திரத்தை முன்னால் தள்ளுகிறது. இயந்திரம் சற்றுத் திரும்பியிருந்தால் தள்ளு பக்கவாட்டில் விழுந்து, இயந்திரமும் பெட்டியும் நடுவில் மடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரத்தின் எடை 2 தொன், பாரத்தோடு பெட்டியின் எடை 3 தொன், பெட்டிக்கு பிறேக் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையிலுள்ள இயந்திரம் தனியாக ஓடும்போது ஒவ்வொரு செக்கனிலும் தன் வேகத்தில் செக்கனுக்கு 4 மீற்றரைக் குறைக்க வல்லது என்றால், பெட்டியோடு அது ஐந்தில் இரண்டாகச் சுருங்கி 1.6 ஆகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும்போது சாரதி ஆபத்தைக் கண்டு காலை அழுத்த ஒரு செக்கன் எடுத்தால், அந்தச் செக்கனில் 8 மீற்றர் போய்விடும். அதன் பிறகு நிற்க 22 மீற்றர் வேண்டும். மொத்தம் 30 மீற்றர். அதே வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தால் முதற் செக்கனில் 11 மீற்றரும் பிறகு 39 மீற்றருமாக 50 மீற்றர் ஓடித்தான் நிற்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது நிற்கும் தூரம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. மதிலும் கதியால் வேலியும் வீதி விளிம்பு வரை வந்து நிற்கும் ஊர்களில், அந்த மேலதிக 20 மீற்றருக்குள் ஓர் ஒழுங்கை வாயோ ஒரு படலையோ இருந்தே தீரும். அதிலிருந்து சைக்கிளில் வெளிப்படும் பாடசாலைப் பிள்ளைக்கு வரும் வாகனம் தெரிவதில்லை. சாரதிக்கும் பிள்ளை தெரிவதில்லை.

பிறேக்கைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது வேகமான வாகனங்கள் இழுக்கும் பெட்டிகளுக்கு உரியது. குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டினால், பக்கக் காற்றோ வளைவோ ஏற்படுத்தும் சிறு ஆட்டம் தானாக அடங்காமல் ஒவ்வொரு முறையும் பெருகத் தொடங்கும். அந்த எல்லை வேகம் எது என்பது பாரத்தை எங்கே வைத்தோம் என்பதில் தங்கியிருக்கிறது. பாரம் அச்சுக்கு முன்னால் இருந்தால் எல்லை உயரும். பின்னால் இருந்தால் தாழும். நீண்ட தீராந்திகளும் சிலாகைகளும் பெட்டிக்குப் பின்னே பல அடி நீட்டிக்கொண்டு போவதைக் காண்பவர்கள், பாரம் எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்துக் காண்கிறார்கள். நீட்டிய மரம் பின் விளக்கையும் மறைத்துவிடுகிறது. இருட்டில் விளக்கில்லாத பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து மோதுவதற்குப் பெட்டியின் வேகம் காரணமே இல்லை. அதை நிறுத்த வேக வரம்பாலும் முடியாது. இதைப் பின்னர் திரும்பவும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனிச் செலவுக்கு வருவோம். வேக வரம்பு இரண்டு விதமானது. ஒன்று இடத்துக்கு உரியது. வீதியோரத்தில் வட்டப் பலகையில் எண் எழுதி நடுவது. மற்றது வாகன வகைக்கு உரியது. பலகை எதுவும் இல்லாமல் சட்டத்தில் மட்டும் இருப்பது. பெட்டி இழுக்கும் வாகனங்களின் வரம்பு பெரும்பாலும் இரண்டாவது விதம். இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும், அதன் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகளும் அதற்கு அடிப்படை. பலகை மாற்றத் தேவையில்லை என்பதால் மாற்றம் இலவசமாகத் தோன்றுகிறது. ஆனால் பலகை இல்லாத சட்டத்தை மக்கள் அறிந்துகொள்ள வேறு வழி வேண்டும், அந்த வழிக்குத்தான் பணம் போகிறது: மூன்று மொழிகளிலும் திருத்திய சாரதிக் கைநூல், எழுத்துப் பரீட்சை வினாக்கள், பயிற்சிப் பாடசாலைகளுக்கான அறிவுறுத்தல், வானொலி விளம்பரம், போக்குவரத்துப் பொலிஸாருக்கான பயிற்சி. ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையாகவும் இது இருக்காது. அனுமதிப்பத்திரம் எடுத்து இருபது ஆண்டுகளான சாரதி மறுபடி கைநூலைத் திறக்கப் போவதில்லை. அவரிடம் புதிய எண் போய்ச் சேர்வதற்குள் பல அறுவடைகள் கடந்துவிடும்.

பலகை நட வேண்டிய இடங்களும் உண்டு. பாலங்கள், தாம்போதிகள், சந்தை முகப்புகள் போன்ற இடங்களில் பார வாகனங்களுக்கெனத் தனி எண் வைத்தால், அந்தப் பலகையை யார் வாங்குவது என்ற கேள்வி எழும். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துடையவை. மிகுதி ஊர் வீதிகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுடையவை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் உழவு இயந்திரம் ஒன்று ஒரே பயணத்தில் இந்த மூன்று நிருவாகத்தின் வீதிகளிலும் ஓடுகிறது. கொழும்பில் எடுக்கும் ஒரு தீர்மானத்தின் செலவை, அதைக் கேட்காத இரண்டு கணக்குகளும் சேர்ந்து தாங்க வேண்டியதாகிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் நீண்ட காலமாகத் தேர்தல் நடைபெறாததால், மாகாண வீதிகளின் செலவைப் பற்றிக் கேள்வி எழுப்பத் தெரிவான உறுப்பினர்களும் இல்லாத நிலை இருந்துவந்தது. செலவு யாருடையது என்பதை எழுதி வைக்காத மாற்றம், கடைசியில் பணம் மிகக் குறைந்த சபையின் தலையில்தான் விடியும்.

கண்ணுக்குத் தெரியும் இந்தச் செலவுகள் உண்மையில் சிறியவை. வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17 இல் குடியிருப்பு வீதிகளின் பொது வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக இறக்கப்பட்டது. பலகை மாற்றுவது உள்ளிட்ட நடைமுறைச் செலவு 3 கோடி பவுணுக்குச் சற்று மேல். ஆனால் அரசாங்கமே சட்டத்தோடு முன்வைத்த மதிப்பீட்டில், பயணங்கள் நீளுவதால் பொருளாதாரத்துக்கு வரும் இழப்பு பல பத்தாண்டுகளில் சுமார் 450 கோடி பவுண் என்று ஒரு மைய எண் இருந்தது. எதிர்ப்பாளர் அந்த எண்ணையே தூக்கிப் பிடித்தனர். அது எப்படி வந்தது என்றால், இலட்சக்கணக்கான பயணங்களில் ஒவ்வொருவரும் இழக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு விலை போட்டு, எல்லாவற்றையும் கூட்டி வந்தது. மறுபக்கத்தில் அந்த வீதிகளில் காயமடைந்தோர் தொகை முதலாண்டிலேயே கணிசமாகக் குறைந்தது. நடைமுறைச் செலவு, நேரச் செலவு, விபத்துச் செலவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறான அளவுகளில் நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அண்மைய உதாரணம் கிடைப்பது கடினம். எந்த எண்ணை முன்னால் வைக்கிறோமோ அதுவே விவாதத்தை இழுத்துச் செல்கிறது.

பிரான்ஸின் அனுபவம் வேறொரு பாடம். நடுவில் தடுப்பில்லாத இருவழி வீதிகளில் 2018 யூலை 1 முதல் வரம்பு 90 இலிருந்து 80 கிலோமீற்றராக இறக்கப்பட்டது. 2019 இன் இறுதியில் வந்த சட்டம், விரும்பும் மாவட்டங்கள் தத்தம் வீதிகளில் 90 க்குத் திரும்ப இடமளித்தது. திரும்பிய மாவட்டங்களில் அதே கம்பங்களில் இரண்டாந் தடவையும் பலகை மாறியது. கணக்குப் போடாமல் அவசரப்பட்டு மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும்.

இப்போது மிகப் பெரிய பங்குக்கு வருகிறேன். இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 38,000 வீதி விபத்துகளும், அவற்றில் சுமார் 3,000 மரணங்களும், 8,000 படுகாயங்களும் நிகழ்வதாக உலக வங்கி 2020 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. படுகாயப்பட்டவர் இங்கே பெரும்பாலும் அரச வைத்தியசாலைக்கே போகிறார், அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வட மாகாணத்துக்கு வந்தது. அதற்கும் கட்டணம் இல்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலிருந்து கடுமையான தலைக்காயங்கள் யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படுகின்றன. சத்திர சிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைக் கட்டில், இரத்தம், எலும்பில் பூட்டும் உலோகத் தகடு, மாதக்கணக்கான உடற்பயிற்சிச் சிகிச்சை என்று தொடரும் ஒவ்வொன்றுக்கும் பொதுப்பணமே போகிறது. இது மனிதாபிமானமான, காக்கப்பட வேண்டிய ஏற்பாடு. அதன் விளைவாகவே, வீதியில் எடுக்கும் ஒரு தீர்மானத்தின் விலை போக்குவரத்து அமைச்சின் ஏட்டில் வராமல் சுகாதார அமைச்சின் ஏட்டில் வருகிறது. அங்கும் “பெட்டி பூட்டிய வாகனத்தால்” என்று தனித் தலைப்பில் வருவதில்லை.

வேகத்துக்கும் உயிரிழப்புக்கும் உள்ள உறவை சுவீடன் ஆய்வாளர் கோரன் நில்சன் ஒரு விதியாக வகுத்தார். ஒரு வீதியின் சராசரி வேகம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ, உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் மாறும் என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனமும், சராசரி வேகம் 1% ஏறினால் உயிரிழப்பு விபத்து 4% ஏறும் என்ற அளவையே எடுத்துச் சொல்கிறது. வரம்பை மணிக்கு 10 கிலோமீற்றர் உயர்த்தினால் சராசரி வேகமும் 10 உயர்ந்துவிடாது. அதைவிடக் குறைவாகவே உயரும். அது 5% உயர்ந்தாலும் நான்காம் அடுக்கில் அது 21%க்கு மேல் ஆகிறது. இந்த விதி எல்லா வாகனமும் கலந்த ஓட்டத்துக்கு வகுக்கப்பட்டது. பெட்டி பூட்டியவற்றை மட்டும் எடுத்து அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் மோதலில் வெளிப்படும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது எந்த வாகனத்துக்கும் பொது. மணிக்கு 80 இலிருந்து 90 க்கு ஏறினால் சக்தி நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக ஏறும். 40 இலிருந்து 50 க்கு ஏறினால் பாதிக்கு மேல் ஏறிவிடும். தாழ்ந்த வேகத்தில் ஓடும் வாகனத்துக்கு வரம்பை “கொஞ்சம்” ஏற்றுவது, விகிதத்தில் பார்த்தால் பெரிய ஏற்றம்.

வைத்தியசாலைச் செலவோடு கதை முடிவதில்லை. உழைக்கும் ஒருவர் நடக்க முடியாமல் போனால் அவரைப் பராமரிக்க வீட்டில் இன்னொருவர் வேலையை விடுகிறார், அது பெரும்பாலும் தாயோ மனைவியோ மூத்த மகளோ. மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டத்தில் கட்டாயம்; ஆனால் நட்டஈட்டுக்கு வழக்கு நடத்தி முடிய ஆண்டுகள் ஆகும். போர் ஏற்கெனவே பல குடும்பங்களில் உழைக்கும் கைகளைக் குறைத்துவிட்ட மாவட்டத்தில், இந்தச் செலவை “தனியார் செலவு” என்று ஒதுக்கிவிட்டுப் பொதுச் செலவை மட்டும் கூட்டுவது நேர்மையான கணக்காகாது என்பது என் உறுதியான எண்ணம்.

மறு தட்டில் வைக்க வேண்டியது மிச்சமாகும் நேரம். 12 கிலோமீற்றர் தூரத்தை 30 இல் ஓடினால் 24 நிமிடம், 40 இல் ஓடினால் 18 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சம். ஆனால் அது வழியில் ஒரு சந்தியிலும் நிற்காமல், ஒரு பஸ்ஸின் பின்னாலும் மாட்டாமல் ஓடினால் மட்டும். மணலோ எருவோ ஏற்றும் வேலையைச் செய்பவர்களுக்குத் தெரியும், சவள் பிடித்து ஒரு பெட்டி நிரப்புவதற்கும் இறக்குவதற்கும் போகும் நேரம் ஓட்டத்தை விட நீளமானது. நாளைக்கு நான்கு பெட்டி அடிப்பவருக்கு, வெறும் பெட்டியோடு திரும்பும் ஓட்டத்தை விட்டுவிட்டால், மிகச் சிறந்த நிலையில் 24 நிமிடம் மிஞ்சும். அதில் ஐந்தாவது பெட்டி அடிக்க முடியாது. நேரச் சேமிப்புக்குப் பண மதிப்புப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேர்த்துப் பயன்படுத்த முடியாத நிமிடங்களைக் கூட்டிக் கோடிக்கணக்கில் இலாபம் காட்டுவது எண்ணில் சரியாக இருக்கலாம், கூலிக்காரர் கையில் அந்தக் காசு வந்து சேராது. நீண்ட தூரம் ஓடும் கொள்கலன் வாகனத்துக்கு நிலை வேறு. ஏ9 இல் கண்டி வரையான 321 கிலோமீற்றரில் சராசரி வேகம் சிறிது உயர்ந்தாலும் அது உண்மையான நேரம். ஒரு நாள் ஓட்டத்துக்குள் திரும்புவதா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கக்கூடும்.

வீதி மேற்பரப்பின் தேய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற இடத்தருகே நடத்தப்பட்ட வீதிப் பரிசோதனையிலிருந்து, ஓர் அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணிப்பு உருவானது. சேதத்தில் பெரும் பங்கு பாரத்துடையது. வேகத்தின் பங்கு, மேடு பள்ளத்திலும் மதகு விளிம்பிலும் சக்கரம் துள்ளி விழும் இடத்தில்தான். ஒற்றை அச்சில் முழுப் பாரத்தையும் தாங்கும் பெட்டி, ஓரங்கள் சிதைந்த ஊர் வீதியில் வேகமாகப் போனால் அந்தச் சேதம் பிரதேச சபையின் கணக்கில் விழும்.

வரம்பை உயர்த்தச் சொல்பவர்களிடமும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மற்ற வாகனங்கள் 60, 70 இல் ஓடும் வீதியில் ஒன்று மட்டும் 30 இல் போனால், பின்னால் வரிசை சேரும். பொறுமை இழந்தவர் எதிரே வாகனம் வருவதைக் கணிக்காமல் முந்துவார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு ஒற்றைத் தட வீதிகளில் இருந்த மணிக்கு 40 மைல் வரம்பு 2015 ஏப்ரல் 6 இல் 50 மைலாக உயர்த்தப்பட்டபோது அரசாங்கம் சொன்ன காரணங்களுள் இதுவும் ஒன்று. அதற்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், உழவு இயந்திரங்களுக்கான வரம்பும் 20 மைலிலிருந்து 25 மைலாக, அதாவது 32 இலிருந்து 40 கிலோமீற்றராக உயர்ந்தது. இயந்திரமும் பெட்டியும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பும் 24.39 தொன்னிலிருந்து 31 தொன்னாகக் கூட்டப்பட்டது. புதிய இயந்திரங்களின் பிறேக் பழையவற்றைவிட மிக நல்லது என்பதே அந்த உயர்வுக்கு அடிப்படை.

ஸ்கொட்லாந்து லொறிகளுக்கான அந்த உயர்வை நாடு முழுவதற்கும் ஏற்கவில்லை. பேர்த்திலிருந்து இன்வெர்னஸ் வரையான வீதியில் மட்டும் 2014 ஒக்டோபரில் பரீட்சார்த்தமாக லொறிகளுக்கு 50 மைல் அனுமதித்தது. அந்த வீதியின் பெயரும் ஏ9 தான். அனுமதித்த அதே வேளையில், அந்த வீதி நெடுகிலும் இரண்டு இடங்களுக்கிடையே எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணிக்கும் கமராக்களும் பொருத்தப்பட்டன. அதன்பின் ஓரிடத்தில் மெதுவாகப் போய் அடுத்த வளைவில் பறக்கும் தந்திரம் பலிக்காது. வரம்பு உயர்வின் மெய்யான விலை அந்தக் கமராத் தொகுதிதான். நமது ஏ9 இல் வரம்பை உயர்த்துவது பற்றி யாரேனும் அந்த முன்னுதாரணத்தைக் காட்டினால், கமராவையும் அதன் பராமரிப்பையும் சேர்த்தே காட்ட வேண்டும். சில வீதித் திருப்பங்களில் கையில் வேகமானியோடு நிற்கும் பொலிஸாரைக் கொண்டு அந்தப் பயனை அடைய முடியாது.

இவற்றுள் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது ஜேர்மனியின் வழி. அங்கே காரோடு பூட்டிய பெட்டிக்குப் பொது வரம்பு 80 கிலோமீற்றர். 1998 முதல், நிபந்தனைகளை நிறைவேற்றிய பெட்டிக்கு நெடுஞ்சாலையில் 100 வரை அனுமதி உண்டு. பெட்டியின் ரயர் ஆறு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இழுக்கும் வாகனத்தில் சக்கரம் இறுகாமல் காக்கும் பிறேக் முறை இருக்க வேண்டும். பெட்டியின் எடைக்கும் வாகனத்தின் எடைக்கும் இடையிலான விகிதம் வரையறுக்கப்பட்டுள்ளது. அதிர்வு தாங்கிகள் உள்ளனவா என்பதைப் பொறுத்து அந்த விகிதம் மாறும். பரிசோதனை முடிந்ததும் முத்திரையிட்ட 100 என்ற வட்டத் தகடு பெட்டியின் பின்னால் ஒட்டப்படும். வேகம் வேண்டுபவர் தம் பணத்தில் பெட்டியைத் திருத்துகிறார். வேண்டாதவர் 80 இலேயே போகிறார். தூரத்தில் வரும் பொலிஸாருக்கும் தகட்டைப் பார்த்தால் விளங்கும். பொதுமக்களின் செலவில் சிலருக்கு வேகம் தருவதற்குப் பதிலாக, வேகத்தின் செலவை அதை அனுபவிப்பவரிடமே இந்த முறை சேர்த்துவிடுகிறது.

வரம்பை இறக்குவதற்கும் விலை உண்டு. பயண நேரம் நீண்டால் ஏற்றுக்கூலி ஏறும். எருவின் விலை ஏறும். வெங்காயச் செய்கையின் செலவு ஏறும். பவுசரில் தண்ணீர் போகும் கிராமத்துக்கு ஒரு தடவை குறையும். அதைவிட ஆழமான செலவு, ஒருவரும் கடைப்பிடிக்காத சட்டம் உண்டாவது. வீதியின் தன்மைக்குப் பொருந்தாத தாழ்ந்த எண்ணை எழுதி வைத்தால், அதைத் தாண்டாத சாரதியே இல்லை என்றாகும். அப்போது யாரை மறிப்பது, யாரை விடுவது என்பது வீதியில் நிற்பவரின் விருப்பத்துக்கு உட்படும். அங்கே கைமாறும் பணம் எந்த அரச ஏட்டிலும் ஏறாது; ஆனாலும் அது சட்டத்தால் மக்கள் மீது விழுந்த செலவுதான்.

குடாநாட்டுக்குப் பொருந்தும் கணக்கு, முதலில் இப்போது உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறார்கள் என்பதை அளப்பதில் தொடங்க வேண்டும். எழுதிய வரம்பை எடுத்து அதிலிருந்து மாற்றத்தைக் கழிப்பது பயன்தராது. கண்டி வீதி, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி, பூநகரிக்குப் போகும் வீதி, தீவகத்துக்கான பண்ணைத் தாம்போதி ஆகிய இடங்களில், பெட்டி பூட்டியவற்றைத் தனியாகப் பிரித்து, பகலிலும் இரவிலும், அறுவடைக் காலத்திலும் அது அல்லாத காலத்திலும் வேகத்தை அளக்கலாம். அதற்கு மேல் வைத்தியசாலையின் விபத்துப் பதிவில், மோதிய வாகனத்துக்குப் பெட்டி பூட்டப்பட்டிருந்ததா, அதற்கு விளக்கு இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் அச்சடிக்கும் செலவு அது. அந்தப் பதிவு இல்லாமல் வரம்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும், நன்மை விளைந்ததா தீமை விளைந்ததா என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அளவீடு நடந்துகொண்டிருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முன்னர் சொன்னபடி, இருட்டில் பெட்டியின் பின்னால் நிகழும் மோதலுக்கு வேக வரம்பு மருந்தில்லை. சிவப்பு ஒளிதெறிப்புத் தகடுகள், வேலை செய்யும் பின் விளக்கு, இழுவை ஊசி நழுவினால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி ஆகிய மூன்றும் வரம்பு எந்த எண்ணில் நின்றாலும் உயிரைக் காக்கும். பெட்டிக்குச் சொந்த பிறேக் பூட்டுவது கூடிய செலவு; அதை ஜேர்மன் முறையைப் போல, கூடிய வேகமோ கூடிய பாரமோ கேட்பவருக்கு நிபந்தனையாக வைக்கலாம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் தம் சொந்தக் குப்பைப் பெட்டிகளிலும் பவுசர்களிலும் இவற்றை முதலில் பூட்டிவிட்டால், தனியாரிடம் கேட்பதற்கு அவற்றுக்கு உரிமை வரும். வேலைக்கும் பொருளுக்கும் என்ன செலவாகும் என்ற உண்மையான எண்ணும் கையில் கிடைக்கும். தனியார் பெட்டிகளைக் கமநல சேவை நிலையங்களின் முன்றலில் வைத்துப் பரிசோதிக்கலாம். அதைக் கார்த்திகை, மார்கழிக்குள் முடிக்க வேண்டும். தை பிறந்து அறுவடை தொடங்கியதும் கொட்டில்களில் கிடந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்துவிடுகின்றன.